பெரியப்பாவுக்கு ஏன் வெளியே நாற்காலி?

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக என் தம்பி மகன் ஒரு பக்திப் பாட்டு பாடினான். ஒலிப்பதிவுக்கு ஒன்பது பேர் வேன் பிடித்துப் போனோம். ஸ்டூடியோ வைத்திருப்பவன் எங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பையன். அவன் அப்பாவுக்குப் பெண் பார்த்து முடித்ததே நான்தான். அவன் எங்களை எல்லாம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். வீட்டில் பொரித்துக் கொண்டுபோன கறிபாப்பைக்கூட உள்ளே கொண்டுவரக் கூடாதாம். பெரியவர்களை நடத்தும் முறையா இது?
– மனம் நொந்த பெரியப்பா, சுங்கை சிப்புட்

பதில்: முறைதான் ஐயா. அந்தத் தம்பி உங்களுக்கு நாற்காலியாவது போட்டிருக்கிறார். வேறு ஆளாக இருந்தால் ஒன்பது பேரையும் கீழே காப்பிக்கடைக்கு அனுப்பியிருப்பார்.

கல்யாண வீட்டில் உங்களுக்கு முன்வரிசை, அதை யாரும் மறுக்கவில்லை. ஸ்டூடியோவில் மைக்குக்கு முன்னால் நிற்பவர்தான் மாப்பிள்ளை, மற்றவர்கள் எவ்வளவு நெருங்கிய சொந்தமோ அவ்வளவு தொந்தரவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா தலையாட்டுகிறார், அத்தை முகம் சுளிக்கிறார், நீங்கள் கையால் தாளம் போடுகிறீர்கள், அந்தத் தாளம் பாட்டின் தாளமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே பாடுகிற பையனுக்கு எப்படி ஐயா சுருதி நிற்கும்?

அப்புறம், கோயில் மைக்கும் அந்த மைக்கும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கோயிலில் வாயோடு ஒட்டிப் பிடித்துப் பேசுகிறோமே, அது பக்கத்தில் இருப்பதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஸ்டூடியோவில் பாட்டுக்கு வைப்பது கண்டென்சர் மைக். அதற்குள்ளே தங்கப்பூச்சு பூசிய, முடியைவிட மெல்லிய ஒரு சவ்வு இருக்கிறது, கேபிள் வழியாகவே 48 வோல்ட் அனுப்பித்தான் அதை வேலை செய்ய வைக்கிறார்கள். அது மூச்சைக் கேட்கும், வயிறு உறுமுவதைக் கேட்கும், வளையல், கொலுசு, சட்டைப்பையில் சில்லறை, கார்ச் சாவி, பட்டுப்புடவையின் சரசரப்பு எல்லாவற்றையும் கேட்கும், கேட்டதைப் பாட்டோடு சேர்த்துப் பதிந்தும் வைக்கும். கைப்பேசியை ‘சைலண்ட்’டில் போட்டுவிட்டேன் என்று சொல்லாதீர்கள். மேசை மேல் அது அதிர்ந்தால் வண்டு மாதிரி கேட்கும். அணைத்துவிட்டு வெளியே வைப்பதுதான் சரி. ‘ஹலோ, ஹலோ’ என்று ஊதிப் பார்ப்பது, விரலால் தட்டிப் பார்ப்பது, இரண்டும் அந்தச் சவ்வுக்கு ஆகாது. கேபிளைப் பிடுங்கிச் சொருகினால் ஸ்பீக்கருக்கும் ஆகாது.

சின்ன ஸ்டூடியோக்களில் பாடும்போது ஏர்கோனையும் அணைத்துவிடுவார்கள், அதன் இரைச்சலும் பதிவாகும் என்பதற்காக. கதவைச் சாத்தி, ஏர்கோனை அணைத்து, கடைவீட்டு மாடியில் மத்தியான வெயிலில் ஒன்பது பேரை உள்ளே அடைத்திருந்தால் அரை மணி நேரத்தில் நீங்களே வெளியே ஓடி வந்திருப்பீர்கள். தகரக் கூரை மேல் மழை கொட்டினால் வேலை நிற்கும். பேராக்கில் மத்தியான மழையை யார் நிறுத்த முடியும்? அதற்காக அந்தத் தம்பியை முறைத்துப் பயனில்லை.

பாடுகிறவருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட வேண்டும். நடுவில் வட்டமாக ஒரு வலை நிற்கிறதே, ‘பாற்குடம்’ என்று பாடும்போது ‘ப’விலிருந்து வரும் காற்று மைக்கில் அடிக்காமல் இருக்கத்தான் அது. அதை ஒதுக்கிவிட்டுப் பாடாதீர்கள். நம் ஊர்க் குரல்கள் பால்மரக் காட்டில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் கூப்பிட்டு வளர்ந்த குடும்பத்துக் குரல்கள், மெதுவாகப் பாடு என்றால் பாதிப் பேருக்குக் கோபம் வருகிறது. கத்த வேண்டிய இடத்தில் கத்தலாம், ஆனால் முன்னாலேயே சொல்லிவிட்டுக் கத்துங்கள், ஸ்டூடியோக்காரர் மைக்கின் அளவைக் குறைத்து வைப்பார். சிலர் ஹெட்போனில் ஒரு காதை மட்டும் கழற்றிவிட்டுப் பாடுவார்கள், தப்பில்லை, ஆனால் கழற்றிய பக்கத்தைத் தலையோடு அழுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஓடும் ‘டிக் டிக்’ தாளம் கசிந்து மைக்கில் ஏறி, அம்மன் பாட்டுக்குள் கடிகாரம் ஓடும். பாட்டு முடிந்ததும் ‘சபாஷ்டா!’ என்று கத்தக் கூடாது. கடைசி எழுத்து அடங்கி, அவர் கை காட்டும் வரை வாய் திறக்காதீர்கள். எத்தனையோ நல்ல டேக் இந்தச் சபாஷில்தான் செத்துப்போகிறது.

உள்ளே பாடுகிறவரோடு பேச ஒருவர் போதும், அதுவும் அந்த ஸ்டூடியோத் தம்பிதான். ‘இன்னும் கொஞ்சம் உருக்கமா’, ‘எக்கோ போடுங்க தம்பி’, ‘மூணாவது வரி சரியில்லையோ’ என்று மூன்று பேர் மூன்று யோசனை சொன்னால் பையன் யார் சொன்னதைப் பாடுவான்? எக்கோ எல்லாம் பிறகு, குரலையும் இசையையும் கலக்கும் மிக்ஸிங்கில் போடுவது. பதிவாகும்போது குரல் வறட்டுத்தனமாகத்தான் இருக்கும். இசை இல்லாமல் தனிக்குரலைப் போட்டுக் கேட்டால் யார் பாடியதும் கொஞ்சம் பரிதாபமாகத்தான் ஒலிக்கும், அதைக் கேட்டுச் சிரிப்பதும், கைப்பேசியில் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் பெரிய பாவம்.

‘பரவாயில்லை, மெஷினில் சரி பண்ணிக்கலாம்’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குரலின் சுருதியைச் சரி செய்யும் ஆட்டோ-டியூன் மென்பொருள் 1997-இல் வந்தது. கண்டுபிடித்தவர் ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன்பு எண்ணெய் தேடும் தொழிலில் பூமிக்கடியிலிருந்து திரும்பி வரும் அதிர்வலைகளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். சுருதி கொஞ்சம் விலகினால் அது இழுத்து நிறுத்தும். வரிகளை மனப்பாடம் செய்யாமல் வந்தவரையும், தாளத்துக்கு முன்னால் ஓடுகிறவரையும், மூச்சு எங்கே எடுப்பது என்று தெரியாதவரையும் அது காப்பாற்றாது. வீட்டில் பழகிவிட்டுத்தான் வர வேண்டும், வாடகைக்கு எடுத்த நேரம் ஒத்திகைக்கு இல்லை.

உறுமி மேளக் குழுவோடு போகிறவர்கள் மேளத்தையும் குரலையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பதிவு செய்யச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். உறுமி குரலின் மைக்கில் ஏறிவிட்டால் பிறகு பிரிக்கப் பெரும்பாடு. தப்பு மேளத்தைக் காய்ச்ச வேண்டுமென்றால் கடைக்குப் பின்சந்தில் காகிதம் கொளுத்தாமல் முதலில் கேளுங்கள், பக்கத்துக் கடைத் தவுக்கே தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிடுவார். இன்னொன்று, பாட்டைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு ‘உறுமி கேட்கவே இல்லை, ஏற்றுங்கள்’ என்பது. வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது வருகிற அந்த அடித்தொண்டை உறுமலைக் காட்டும் சக்தி அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குக் கிடையாது. காரில் போட்டுக் கேட்டுவிட்டுப் பிறகு குறை சொல்லுங்கள்.

சரி, கறிபாப். எண்ணெய்க் கையும் அதன் தூளும் மிக்ஸர் பலகையின் இடுக்குகளில் போனால் அந்தச் செலவை நீங்கள் தருவீர்களா? பாலும் சர்க்கரையும் கலந்த தே தாரிக் ஒரு கோப்பை கவிழ்ந்தால் கதை முடிந்தது. உங்கள் வீட்டுப் பலகாரத்தை யாரும் அவமதிக்கவில்லை. வெளியே வைத்து, இடைவேளையில் காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பிக்கும் இரண்டு கொடுத்திருக்கலாம். கொடுத்தீர்களா? கடிதத்தில் எழுதவில்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொன்று காசு. ‘நம்ம தோட்டத்துப் பையன்’ என்ற சொல் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, அதற்கு அடுத்த வரி பெரும்பாலும் ‘பார்த்துப் போட்டுக்கோ தம்பி’ என்பதுதான். அவர் மைக்கைக் கடையில் வாங்கும்போது யாரும் அவரைத் தோட்டத்துப் பையன் என்று பார்த்துக் குறைக்கவில்லை. பேசிய வெள்ளியை முழுதாகக் கொடுங்கள். பத்து மணிக்கு நேரம் எடுத்துவிட்டுப் பதினொன்றரைக்கு வேன் வந்து நின்றால் கணக்கு பத்து மணியிலிருந்துதான். பாட்டின் பிரதி வேண்டுமென்றால் சொந்த ஹார்ட் டிஸ்க் கொண்டுபோங்கள், அடுத்த வருடம் போய் ‘அந்தப் பழைய பாட்டு இருக்கா?’ என்று கேட்டு அவரைக் குடைய வேண்டாம்.

கடைசியாக, அந்தப் பாட்டு சினிமா மெட்டில் சாமி வரி போட்டதா? அப்படியென்றால் மெட்டு அம்மனுடையது இல்லை, இசையமைத்தவருடையது அல்லது உரிமை வாங்கிய நிறுவனத்துடையது. மலேசியாவில் இப்போதுள்ள பதிப்புரிமைச் சட்டம் 1987-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. யூடியூப்பில் ஏற்றி அது முடக்கப்பட்டால் ஸ்டூடியோக் கதவைத் தட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள், அனுமதி வாங்கியிருக்க வேண்டியது பாட்டை வெளியிடுகிற உங்கள் வீட்டார்தான்.