ஷாங்ஹாயிலிருந்து சூஜோ: பிள்ளைகளோடு ஒரு நாள் பயணம்

கேள்வி: வேலை மாற்றலாகி ஷாங்ஹாய் வந்து சில மாதங்கள் ஆகின்றன. மனைவி, 8 வயது மகள், 4 வயது மகன். எல்லோரிடமும் இந்திய பாஸ்போர்ட். ஒரு சனிக்கிழமை, பழைய தோட்டங்களுக்குப் பெயர்போன பக்கத்து நகரமான சூஜோ போய்வர ஆசை. ரயில் டிக்கெட் எடுக்கும்போதே பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. நாங்கள் சைவம் வேறு. எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சீன ரயில்வேயின் 12306 செயலியில் பதியும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பழக்கத்தில் இனிஷியலும் புள்ளியும் சேர்த்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அப்பா பெயரைத் தாங்களாகவே போட்டு நிரப்புவார்கள். இரண்டும் வேண்டாம். போட்டோ உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். அங்கே உள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் எண் மாறியிருக்கும், மறுபடி சரிபார்க்க வேண்டும். இதற்கு ஓரிரு நாள் பிடிக்கலாம் என்பதால் வெள்ளிக்கிழமை இரவு தொடங்காதீர்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் நால்வரின் அசல் பாஸ்போர்ட்டோடு ஸ்டேஷன் கவுன்டருக்குப் போங்கள். அங்கேயே சரிபார்த்து டிக்கெட் தருவார்கள்.

2023 முதல் குழந்தை டிக்கெட் உயரத்தை வைத்து அல்ல, வயதை வைத்துத்தான். மகளுக்கு (6 முதல் 14 வயதுக்குள்) அரைக் கட்டணம். 6 வயதுக்குள் என்பதால் மகன் இலவசம். பெரியவர் ஒருவருக்கு ஒரு குழந்தை என்பது கணக்கு. ஆனால் அவனுக்கு சீட் கிடையாது, டிக்கெட் எடுக்கும்போதே அவனையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அரை மணி நேரப் பயணம்தானே, மடியில் உட்காரவைத்தால் போதும். செகண்ட் கிளாஸில் ஒரு பக்கம் ஏ, பி, சி என்று மூன்று சீட், நடைபாதைக்கு அந்தப் பக்கம் டி, எஃப் என்று இரண்டு. ஏ, பி, சி மூன்றையும் எடுத்தால் நால்வரும் ஒரே வரிசையில் வந்துவிடுவீர்கள்.

டிக்கெட் விற்பனை 15 நாள் முன்பே தொடங்குகிறது. திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள்; வார இறுதியில் மாலை ரயில்கள் சீக்கிரம் நிரம்பும். ஸ்டேஷன் பெயரை இரண்டு தடவை பாருங்கள். உங்களுக்கு வேண்டியது வெறும் 'சூஜோ'. 'சூஜோ வடக்கு' என்பது ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே இறங்கினால் பழைய நகருக்கு வரவே நேரம் போய்விடும். ஷாங்ஹாய் பக்கமும் முக்கியமாக 'ஷாங்ஹாய்', 'ஷாங்ஹாய் ஹோங்சியாவ்' என்று இரண்டு உண்டு. வீட்டுக்கு எது பக்கமோ அதை எடுங்கள். ஹோங்சியாவ் மிகப் பெரிய ஸ்டேஷன். நுழைவில் பாஸ்போர்ட் சோதனை, அடுத்து பை ஸ்கேன். தானியங்கி கேட் பாஸ்போர்ட்டை எடுக்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழிக்குப் போக வேண்டும். ரயில் புறப்படச் சில நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள் என்பதால், பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது.

எங்கே போவது? எல்லோரும் ஜுவோஜெங் தோட்டத்துக்குத்தான் ஓடுவார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் 4 வயதுப் பிள்ளையோடு அது பெரும் அலைச்சல். லியூ தோட்டத்தையே நாங்கள் சொல்வோம். அதுவும் 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததுதான். ஆளைவிட மூன்று நான்கு மடங்கு உயரமாக நிற்கும் குவான்யுன் பாறை அங்கேதான் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து டாக்ஸியில் போய்விடலாம். நால்வரின் பாஸ்போர்ட் விவரத்தோடு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஷியுவான் பௌத்தக் கோவில். மதியம் அங்கே கிடைக்கும் சைவ நூடுல்ஸ் ஊருக்கே பிரபலம். கோவில் சமையல் என்பதால் இறைச்சிக் கலப்பு இருக்காது, வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை. வளாகத்தில் திரியும் பூனைகளும் குளத்து ஆமைகளும் பிள்ளைகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

வெளிக் கடைகளில் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. கீரையைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவதும், டோஃபுவில் கொத்துக்கறி தூவுவதும், எதற்கும் கோழித்தூள் போடுவதும் அங்கே சாதாரணம். இறைச்சி, மீன், எலும்புச் சாறு, பன்றிக்கொழுப்பு, சிப்பி சாஸ், கோழித்தூள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி சீனத்தில் மொழிபெயர்த்து போனில் வைத்துக் காட்டுங்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் இன்னும் நிம்மதி. ரயில் பெட்டியில் கொதிநீர்க் குழாய் இருக்கும். உடனடி உப்புமாவுக்கும் அது போதும்.

பணம் கட்ட அலிபே அல்லது வீசாட் செயலி. இந்திய வங்கியின் விசா கார்டையோ மாஸ்டர் கார்டையோ அதில் இணைத்தால் 200 யுவான் வரை கட்டணம் இல்லை, தாண்டினால் 3 சதவீதம். வங்கியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்து, ஓடிபி வரும் இந்திய சிம்மையும் உயிரோடு வைத்திருங்கள். சீன வங்கிக் கணக்கு இருந்தால் அதையே இணைப்பது மேல்.

மாலையில் ஷான்டாங் தெருவுக்கு வாருங்கள். கால்வாயை ஒட்டிய பழைய தெரு, படகும் உண்டு. அங்கிருந்து மெட்ரோ 2-ஆம் தடத்தில் அடுத்த நிறுத்தமே சூஜோ ரயில் நிலையம். டிஷ்யூவைக் கையோடு கொண்டுபோங்கள், பல கழிப்பறைகளில் இருக்காது.

ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை விடாத மழை. அக்டோபர் 1 தொடங்கி ஒரு வாரம் தேசிய விடுமுறை நெரிசல். ஏப்ரலோ நவம்பரோ பாருங்கள். திட்டம் மாறினால் ரயில் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். அதற்குள் என்றால் 20 சதவீதம் பிடிப்பார்கள், 48 மணி நேரத்துக்கு முன் என்றால் அதிகபட்சம் 5 சதவீதம்தான்.