வாசகர் கேள்வி பதில்: பேரணிக்கு ஏன் வந்தாங்கன்னு யார் சொன்னா?

கேள்வி: அண்ணே, 2007ல மலேசியாவுல இண்ட்ராஃப் (இந்து உரிமைக்கான அமைப்பு) நடத்தின பேரணி அப்ப நான் சின்னப் பையன். வீட்டுல டிவி பார்த்துட்டு எல்லாரும் "கலாட்டா பண்ணவங்க"ன்னு பேசிக்கிட்டாங்க. இப்ப படிச்சா வேற மாதிரி இருக்கே, ஏன்?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, 2007 நவம்பர் 25 அன்னிக்கு நம்ம ஆளுங்க ஆயிரக்கணக்குல கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் பக்கம் வந்தாங்க, பிரிட்டிஷ் தூதரகத்துல மகாராணிக்கு மனு குடுக்கணும்னு. போலீஸ் கண்ணீர்ப்புகை விட்டு, தண்ணி பீய்ச்சி அடிச்சுது, விடியறதுக்கு முன்னாடியே பத்துமலைக் கோயில்ல கூடினவங்க மேலயும் அதேதான். ஆனா டிவி செய்தியில திரும்பத் திரும்ப வந்தது சட்டவிரோதக் கூட்டம், ரோடு ஜாம், அமைச்சர் கண்டனம். ஏன் வந்தாங்கங்கறது மட்டும் காணோம். நம்ம முன்னோர்களை இந்தியாவுலேருந்து தோட்ட வேலைக்குன்னு கூட்டிட்டு வந்து அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு பிரிட்டிஷ் அரசாங்கத்து மேல லண்டன்ல வழக்கு போட்டிருந்தாங்க; அக்டோபர் கடைசியில, தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பாடாங் ஜாவா மாரியம்மன் கோயிலை உடைச்சிருந்தாங்க, இதெல்லாம் தெரியாம பார்க்கிறவங்களுக்கு அது வெறும் ரோட்டுக் கலாட்டாவாத்தான் தெரியும், வேற எப்படித் தெரியும் சொல்லு?

எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். புகையைக் காட்டினாங்க, புகையில கண்ணு எரிஞ்சு நின்னவங்க வாயில மைக்கை நீட்டல.

அப்போ 1984 அச்சகச் சட்டப்படி பேப்பருக்கு வருஷா வருஷம் உரிமம் புதுப்பிக்கணும் (2012லதான் அதை மாத்தினாங்க), பெரிய பேப்பர், டிவி பலதும் ஆளுங்கட்சிக்கு வேண்டியவங்க கையில. ஆசிரியர் எதை முன்பக்கம் போடுவாரு? இணையச் செய்திக்கு அந்த உரிமம் தேவையில்ல, அதனால 1999ல ஆரம்பிச்ச மலேசியாகினி மாதிரி இடங்கள் வழியா மத்த பக்கமும் வெளிய வந்துச்சு. நீ இப்ப படிக்கிறதுல பாதி அந்த வழியா வந்ததுதான்.

கேள்வி: சுத்தமான தேர்தல் கேட்டு நடந்த பெர்சே கூட்டத்துக்கு போலீஸ் ஒரு கணக்கு, ஏற்பாட்டாளருங்க ஒரு கணக்கு. எதை நம்புறது?
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: 2011 ஜூலை 9 பெர்சேவுக்கு போலீஸ் சொன்னது அஞ்சாறு ஆயிரம், ஏற்பாட்டாளருங்க சொன்னது 50,000. ரெண்டு பேருக்குமே அந்த எண்ணால லாபம் இருக்கும்மா. ஒரு சதுர மீட்டருக்கு தளர்வா நின்னா ஒருத்தர், நெருக்கியடிச்சா நாலு பேர் வரை நிக்கலாம், அதை இடத்தோட பரப்பளவால பெருக்கிப் பாருங்க. ஆனா அன்னிக்கு ரோடெல்லாம் அடைச்சு வச்சதால கூட்டம் துண்டு துண்டா சிதறிக் கிடந்துச்சு, எந்த ஒரு போட்டோவுலயும் முழுசா அடங்காது. யார் எண்ணினது, எப்படி எண்ணினதுன்னு போடாத செய்தியில வர்ற எண்ணை நான் கணக்குலயே எடுத்துக்கிறதில்ல.