வாசல் வரை வந்து திரும்பிவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. திண்டுக்கல்லில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகத் தினமும் குடிக்கிறேன். ஈரல் வீங்கியிருக்கிறது என்று சொன்ன டாக்டர், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகச் சொன்னார். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சர்ச்சில் நடக்கிறது என்கிறார்களே, மதம் மாறச் சொல்வார்களா? எல்லார் முன்னாலும் பேச வேண்டுமா? தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: கூட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று. இப்போதும் தினமும் குடிக்கிறீர்கள் என்றால், வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். பழகிப்போன உடம்புக்குச் சரக்கு நின்ற சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியலாம். இதில் உயிர் போனவர்கள் உண்டு. உங்கள் டாக்டரிடமோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ சொல்லி, மருந்தோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வீட்டில் கழிக்க வேண்டிய நீண்ட நாட்களுக்குத்தான் கூட்டம் துணை.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த பங்குத் தரகர் ஒருவரும் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசியே குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்த அமைப்பு இது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. விண்ணப்பம், சந்தா எதுவும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், நீங்களும் உறுப்பினர்தான்.

கண்டுபிடிக்க, ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பாருங்கள். குடிநோய் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் கேட்டாலும் தெரியும். 14446 என்ற மத்திய அரசின் இலவச உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். ஆனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். இடமும் நேரமும் மாறியிருக்கலாம். முதலில் அந்த ஏ.ஏ. குழுவுக்குப் போன் செய்யுங்கள். எடுத்துப் பேசுகிறவரும் ஒரு காலத்தில் குடித்தவராகத்தான் இருப்பார், அதனால் தயங்க வேண்டாம். கூட்டம் தமிழில் நடக்குமா, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அப்புறம், “நான் புதுசு, வாசலில் யாராவது நிற்க முடியுமா?” என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

ஏன் என்றால், ஆலோசகராக நான் பார்த்தவரையில் பலர் தோற்பது அந்த வாசலில்தான். ஒருவர் தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அரை மணி நேரம் நின்றார். மூன்று வாரம் அப்படியே வந்து திரும்பிப் போனார். நாலாவது வாரம், டீ வாங்க வெளியே வந்த உறுப்பினர் ஒருவர் அவரைப் பார்த்து, “உள்ள வாங்கண்ணே, டீ ஆறிடும்” என்றார். அன்றுதான் அவர் உள்ளே போனார்.

சர்ச் பற்றிய பயம் வேண்டாம். சர்ச் வளாகத்திலும் பள்ளிக்கூட அறையிலும் கூட்டம் நடப்பதற்குக் காரணம், அங்கே இடம் கிடைக்கிறது என்பது மட்டும்தான். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும். ‘நாம் புரிந்துகொண்டபடி’ என்று சேர்த்தே சொல்வார்கள். பழனி முருகனை நினைத்துக்கொள்கிறவர் நினைத்துக்கொள்ளலாம். கும்பிடாதவர் அந்தக் கூட்டத்தையே தன் பலமாக எடுத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலும் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். குறுக்கே யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வந்தால், “இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்” என்றால் போதும். முழுப் பெயரும் தொழிலும் சொல்ல வேண்டியதில்லை. செலவுக்கு ஒரு பை சுற்றி வரும். புதியவர் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

அங்கே தெரிந்த முகம் இருந்தால்? அவரும் உங்களைப் போலக் குடியை விட வந்தவர்தான். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் உயிராகக் காக்கும் பழக்கம். அப்படியும் மனம் ஒப்பவில்லையா, முதல் சில வாரம் மதுரைக்குப் போய் வாருங்கள். இணையத்திலும் கூட்டங்கள் உண்டு, ஆனால் முதல் கூட்டத்துக்கு நேரில் போவதையே நான் சொல்வேன்.

மனைவியை அழைத்துப் போக விரும்பினால், ‘திறந்த கூட்டம்’ எப்போது என்று கேளுங்கள். மற்றவை குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டுமானவை. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு இருக்கிறது. நீங்கள் ஏ.ஏ.வுக்குப் போகத் தயங்கினாலும் அவர் அங்கே போகலாம். பன்னிரண்டு வருடம் அவரும் தூங்கவில்லை.

இதெல்லாம் பலன் தருமா என்ற சந்தேகம் வரும். 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க, ஏ.ஏ.வில் முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற சிகிச்சைகள் சிலவற்றை விடக் கூடுதலாக உதவுகிறது என்று கண்டது. ஒரே கூட்டத்தில் முடிவு கட்டாதீர்கள். ஆறு கூட்டமாவது போங்கள். ஒரு குழு ஒத்துவராவிட்டால் வேறு குழுவுக்குப் போங்கள். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டாலும் மறுபடி போங்கள், கதவை மூட மாட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். இரண்டு பேரிடம் போன் நம்பர் வாங்கி, போனில் மட்டுமில்லாமல் ஒரு சீட்டிலும் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கடையை அடைத்து ஷட்டரை இறக்கும் அந்த நேரத்தில்தான் கால் டாஸ்மாக் பக்கம் திரும்பும். ஷட்டரை இறக்கும் முன்னாலேயே அதில் ஒரு நம்பருக்குப் போன் போடுங்கள்.