பழைய ரேம் சோதிக்க ஆர்டுயினோ போதுமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் சிறிய கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். புறக்கோட்டையில் டெஸ்க்டாப்புக்கான பழைய டிடிஆர்3 ரேம் மொத்தமாக எடுத்தால் பத்தில் இரண்டு மூன்று வேலை செய்வதில்லை. கையில் ஆர்டுயினோ உனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறிய போர்டு ஒன்று இருக்கிறது. அதை வைத்து மலிவாக டெஸ்டர் செய்யலாமா?

பதில்: உனோவை எடுத்து வையுங்கள். அது ஓடுவது 16 மெகாஹெர்ட்ஸில். டிடிஆர்3 சாதாரண நிலையில் 300 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்காது. அதோடு உனோவின் 5 வோல்ட், ரேமின் சின்னச் சிப்பைப் பொசுக்கிவிடலாம். உங்களுக்கு வேண்டியது இரண்டு சோதனை: ரேம் சொன்ன சாமானா என்பது ஒன்று, பழுதா என்பது மற்றது.

முதலாவதற்கு உனோ போன்ற இன்னொரு சின்ன போர்டான ராஸ்பெரி பை பிக்கோ போதும், அது 3.3 வோல்ட். ஒவ்வொரு ரேமிலும் எஸ்.பி.டி. என்ற எட்டுக் கால் சிப்பில் அதன் சாதகம் (வகை, அமைப்பு, சீரியல் இலக்கம்) எழுதியிருக்கும். செத்த மதர்போட்டிலிருந்து 240 பின் சொக்கெட் ஒன்றைக் கழற்றுங்கள். பின் 236க்கு 3.3 வோல்ட், 239 கிரவுண்ட், 118 (எஸ்.சி.எல்., கடிகாரக் கம்பி) பிக்கோவின் ஜி.பி.5 பின்னுக்கு, 238 (எஸ்.டி.ஏ., தரவுக் கம்பி) ஜி.பி.4 பின்னுக்கு. இவ்விரு கம்பிகளிலிருந்தும் 3.3 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. 117, 237, 119 மூன்றையும் கிரவுண்டில் இணைத்தால் சிப் 80ஆம் முகவரியில் பதில் சொல்லும். இணைக்காமல் விட்டால் முகவரி தாறுமாறாகலாம். பலர் இங்கேதான் சிக்குகிறார்கள்.

பிக்கோ அந்தச் சிப்பிலிருந்து வாசிக்கும் பைட்டுகளை 0இலிருந்து எண்ணுங்கள். 3ஆவது பைட் 2 என்றால் டெஸ்க்டாப், 1 என்றால் சேர்வர். சேர்வர் ரேம் அதே சொக்கெட்டில் அழகாகப் போய் உட்காரும், ஆனால் சாதாரண மதர்போட்டில் கணினி எழும்பாது.

முக்கியமானது 7ஆவது பைட். "ஏ.எம்.டி.க்கு மட்டும்" என்று மலிவாக வரும் 8 ஜிபி ரேமில் 4 பிட் சிப் (ஒரே நேரத்தில் 4 பிட் தருவது) 16 இருக்கும். நல்ல 8 ஜிபியிலும் பெரும்பாலும் 16 சிப்தான், ஆனால் 8 பிட். எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த பைட்டை 8ஆல் வகுத்து மீதி 1 வந்தால் 8 பிட். மீதி 0 என்றால் 4 பிட், இன்டெல் டெஸ்க்டாப்பில் திரை கறுப்பாகவே நிற்கும். பழுதென்று நீங்கள் ஒதுக்கியவற்றில் சில இதுவாக இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டே "எந்தக் கணினிக்கும் போகும்" என்று தள்ளிவிடும் தரகர்களை நம்பவே வேண்டாம். எஸ்.பி.டி.யையும் மாற்றி எழுதுகிறார்கள். 122 முதல் 125 வரையான பைட்டுகள் சீரியல் இலக்கம். பல ரேமில் ஒரே இலக்கம் வந்தால் நகலெடுத்த சாமானாக இருக்கலாம். சந்தேகமிருந்தால் லென்ஸ் பிடித்துச் சிப்பைப் பாருங்கள்: சாம்சங் சிப்பில் 4ஜி என்பதற்கு அடுத்து 08 என்றால் 8 பிட், 04 என்றால் 4 பிட். ஸ்டிக்கரை எவரும் ஒட்டலாம்.

பழுதைக் கண்டுபிடிக்கப் பழைய டிடிஆர்3 மதர்போட் ஒன்றும், பென் டிரைவில் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச ரேம் சோதனை மென்பொருளும் போதும். விளக்கு எரியும் சிறிய டெஸ்டர் கார்டு கம்பி அறுந்ததா, ஷோர்ட்டா என்று மட்டுமே காட்டும்; நினைவகத்துக்குள் எட்டிப் பார்க்காது. அதற்குக் காசு கொட்டாதீர்கள்.

கடற்காற்றில் தங்கப் பட்டைகள் மங்கும். முதலில் பென்சில் அழிறப்பரால் தேய்த்து ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். பிறகு ஒரு ரேம், ஒரே சொக்கெட், மெம்டெஸ்ட்86+ குறைந்தது 4 சுற்று. ஏசி போடாதீர்கள், வாடிக்கையாளர் வீட்டில் சூட்டில்தான் ஓடப்போகிறது. பிழை ஒரே முகவரியில் திரும்பத் திரும்ப வந்தால் சிப் பழுது. ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் ரேமைக் குற்றம் சொல்லுமுன் பவர் சப்ளையையும் சொக்கெட்டையும் மாற்றிப் பாருங்கள்.

பழைய சாமானுக்குப் பற்றுச்சீட்டே கொடுக்காத வியாபாரத்தை இன்னும் எத்தனை காலம் பொறுப்பது? "செக்கிங் வாரண்டி" (போட்டுப் பார்த்துப் பழுதென்றால் மாற்றலாம்) என்று வாயால் சொன்னது முறைப்பாட்டுக்கு உதவாது. பிக்கோ வாசித்த சீரியல் இலக்கங்களைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கேளுங்கள், மறுத்தால் அந்த இடத்தில் எடுக்காதீர்கள்.