பரணில் கிடைத்த நாட்டுத் துப்பாக்கி: பட்டறைக்கா, காயலான் கடைக்கா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தாத்தாவின் பழைய வீட்டைப் பிரித்தபோது, பரணில் சாக்கில் சுற்றிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. குழாயெல்லாம் துரு. லைசென்ஸ் காகிதம் எதுவும் இல்லை. காட்டுப்பன்றித் தொல்லை அதிகமாக இருப்பதால், பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார் சித்தப்பா. காயலான் கடையில் போட்டுவிடு என்கிறார் அம்மா. எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். அம்மா சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது.

போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்த்தே என் வேலைக்காலம் கழிந்தது. பிடிபட்ட நாட்டுத் துப்பாக்கி மேசைக்கு வந்தால், யாருடையது, எந்த ஊர் என்பதெல்லாம் அப்புறம். உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்பதுதான் எங்களுக்கு முதல் கவலை. தோட்டா போடும் துப்பாக்கியை மடக்கித் திறந்தால் தெரிந்துவிடும். இதில் அப்படி முடியாது. பின்பக்கம் அடைத்திருக்கும், கருமருந்தும் பால்ரஸ் குண்டும் குழாயின் வாய்வழியாகவே உள்ளே போகும். ராத்திரி காவலுக்குப் போய், சுட வேண்டி வராமல் திரும்பியவர், கெட்டித்த மருந்தோடு அப்படியே பரணில் சொருகிவிடுவது உண்டு. ஈரம் படாத கருமருந்து எத்தனை வருஷமானாலும் கெட்டுப்போகாது. உங்கள் தாத்தா கடைசியாகக் கெட்டித்தது இன்னும் உள்ளே இருக்கலாம். காயலான் கடைக்காரர் அதைப் பழைய பைப் என்று நினைத்து கேஸ் கட்டர் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால், கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும். கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பது, துருவைத் தேய்ப்பது, விசையை இழுத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். குழாயின் வாய்க்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. அறையைப் பூட்டி வையுங்கள். தோளில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் பேரப்பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

இனி சித்தப்பா. பன்றி பிரச்சினை உண்மைதான், அவர் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் குழாயை நம்பி யாரும் கன்னத்தை வைக்க முடியாது. கம்பெனித் துப்பாக்கியின் குழாயை விற்பதற்கு முன், வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்து வெடித்துப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் இதற்கென்றே 1813-ல் ஒரு சோதனைக்கூடம் சட்டம் போட்டு ஏற்படுத்தப்பட்டது. பட்டறைக் குழாய்க்கு இந்தச் சோதனையெல்லாம் கிடையாது. போதாக்குறைக்குக் கருமருந்து வெடித்தபின் குழாயில் படியும் கரி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஏற்காட்டுப் பனியில் சும்மா கிடந்த இரும்பு உள்ளுக்குள் எவ்வளவு அரித்திருக்கும்? அரிப்பு அதிகம் இருப்பது மருந்து வெடிக்கும் அடிப்பகுதியில், அதாவது சுடுபவர் முகத்துக்குப் பக்கத்தில். வெளியே பாலிஷ் போட்டால் பளபளக்கும், அவ்வளவுதான்.

சட்டம் இன்னும் கறார். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தயாரிப்பதற்குக் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகலாம். பலர் கவனிக்காத இடம் இது: அனுமதி இல்லாமல் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும் அந்த 7 ஆண்டுப் பிரிவிலேயே வருகிறது. சித்தப்பா பட்டறைக்காரரையும் சேர்த்து இழுத்துவிடப் பார்க்கிறார்.

‘பழசுதானே, வேலை செய்யாதே’ என்று தப்ப முடியுமா? 45-வது பிரிவில் பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சித்தப்பாவே சரிசெய்யலாம் என்கிறாரே! கர்நாடகத்தில் குடகில் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அது குடவர்களுக்கும், அங்கே ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் தனியாகக் கொடுத்த விலக்கு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குப் பொருந்தாது.

பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்காக லைசென்ஸ் வாங்கியவர் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. வனவிலங்குச் சட்டம் தனி. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட 2025-ல் தமிழக அரசு வழி செய்ததுகூட வனத்துறை ஆட்களுக்குத்தான். நீங்கள் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

சரி, ஒப்படைப்பது எப்படி? சட்டத்தின் 21-வது பிரிவு, எந்தக் காரணத்தாலும் வைத்திருக்கும் உரிமை போய்விட்ட ஆயுதத்தைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஏற்காடு காவல் நிலையத்துக்குப் போன் செய்து அவர்களையே வரச் சொல்வது. பைக்கில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு எடுத்துப்போவது பற்றி யோசிக்கவே வேண்டாம். ‘உள்ளே மருந்து இருக்கலாம்’ என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். என்று, யார் முன்னால், வீட்டின் எந்த இடத்தில் கிடைத்தது என்று ஒரு கடிதமும் எழுதி வையுங்கள்.

கேஸ் போடுவார்களா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று இந்தப் பக்கத்து மலைக்கிராமங்களில் போலீஸார் அவ்வப்போது அறிவிப்பது வழக்கம். அது அவர்கள் தரும் வாக்கு, சட்டத்தில் எழுதியதல்ல. ஆகவே ஒரு வக்கீலிடம் பேசி, கடிதத்தை அவர் பார்வையில் கொடுத்தால் நிம்மதி. தாமதிக்கத் தாமதிக்க ‘இப்போதுதான் கிடைத்தது’ என்ற பேச்சு எடுபடாமல் போகும்.

போலீஸார் எடுக்கும்போது குழாயில் நம்பர் ஏதாவது பொறித்திருக்கிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் தாத்தா லைசென்ஸ் வைத்திருந்திருக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் பழைய பதிவைத் தேடலாம், வாரிசாக உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. நம்பர் இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டில் எதுவானாலும், கையெழுத்தும் சீலும் போட்ட ரசீது வாங்காமல் விடாதீர்கள்.