'ஆன்டிபயாடிக் எச்சம் இல்லாத கோழி': கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: "ஆன்டிபயாடிக் எச்சம் இல்லை" என்று அச்சிட்ட பாக்கெட் கோழிக்கறி, கறிக்கடை பிராய்லரைவிட விலை அதிகம். வாங்கலாமா? மருந்துக்கு அடங்காத கிருமி கோழியில் இருக்கிறதாமே, அது வேகவைத்தாலும் சாகாதா? நாங்கள் மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் கழுவித்தான் சமைக்கிறோம்.

பதில்: மருந்துக்கு அடங்காத கிருமியும் சூட்டுக்கு அடங்கிவிடும். சால்மோனெல்லாவோ ஈ.கோலையோ, கறியின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸைத் தொட்டால் செத்துவிடும். குழம்பில் நன்றாக வெந்த கறிக்குப் பயப்பட வேண்டாம். வெளியே கருகி உள்ளே வேகாத கிரில் சிக்கன் என்றால் யோசியுங்கள்.

கழுவுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மஞ்சள் போட்டாலும் கிருமி முழுதாகப் போகாது. தெறிக்கும் தண்ணீரோடு சிங்க், மேடை, பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டு என்று பரவும். அப்புறம் கறி வெட்டிய அதே கத்தியில், அதே பலகையில் தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவோம். கறி வேகும், பச்சடி வேகாதே! பச்சைக் கறிக்குத் தனிக் கத்தி, பலகை வையுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். "எச்சம் இல்லை" என்றால் கறியில் மருந்து தங்கவில்லை என்று மட்டும்தான் பொருள். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்தினால் எச்சம் வடிந்துவிடும். ஆனால் அதுவரை தின்ற மருந்தில் தப்பிப் பிழைத்த கிருமிகள் கோழியின் குடலில் அப்படியே இருக்கலாம். எனக்கு அதுதான் பெரிய கவலை. கொலிஸ்டின் என்ற மருந்து, வேறெதுவும் பலிக்காத நோயாளிக்கு டாக்டர்கள் கடைசியாக எடுப்பது. அதையே கால்நடைகளுக்கும் கொடுத்துவந்தார்கள். அதை முறியடிக்கும் மரபணு ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று 2015-இல் சீனாவில் தெரியவந்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்காகக் கொலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் இந்தியா 2019 ஜூலையில் தடை விதித்தது.

ஆகவே, வெறும் "எச்சம் இல்லை" என்பதற்காக நான் கூடுதல் விலை கொடுக்க மாட்டேன். "ஆன்டிபயாடிக் கொடுக்காமலே வளர்த்தது" என்று தெளிவாக எழுதி, அதற்கு யார் சான்று தந்தார்கள் என்றும் போட்டிருந்தால் கொடுப்பேன். அந்தக் கறியிலும் கிருமி இருக்கும். கத்தியும் பலகையும் அதற்கும் தனிதான்.