கொதிக்கும் தண்ணீரும் மடங்கும் முழங்காலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரில் நடந்த சோம் போர் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியின் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பியபோதும் அது சுட்டுக்கொண்டே இருந்தது என்று ஒரு வரி வருகிறது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். தண்ணீர் ஊற்றுவதே சூட்டைத் தணிக்கத்தானே? அதுவே கொதித்துவிட்டால் அப்புறம் என்ன பயன்? ரேடியேட்டர் கொதித்தால் நான் காரை ஓரம் கட்டிவிடுவேன். இன்னொன்று, மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, யாரும் கையால் சுற்றவும் இல்லை. விசையை அழுத்திப் பிடித்தால் போதும், நொடிக்கு ஏழெட்டு முறை அது தானாக எப்படிச் சுடுகிறது? உட்பகுதியை வெட்டிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் அசைவதால் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். அந்தக் கொதிநீரில் சிப்பாய்கள் டீ போட்டுக் குடித்தார்கள் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் கேள்விகளில் எனக்குப் பிடித்தது அதுதான். குழப்பம் என் வரியில் இருந்த ஒரு ‘உம்’மால் வந்தது. கொதித்தபோதும் சுட்டது என்று எழுதியது தப்பு. கொதித்ததால்தான் தொடர்ந்து சுட முடிந்தது.

கார் ரேடியேட்டரில் தண்ணீர் சுமைகூலி வேலை பார்க்கிறது. எஞ்சினிடம் சூட்டை வாங்கிக் காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. அதைச் சுற்றவிட பம்பு உண்டு, காற்றுக்கு விசிறி உண்டு. அங்கே தண்ணீர் கொதித்தால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். விக்கர்ஸில் பம்பும் கிடையாது, விசிறியும் கிடையாது. குழலைச் சுற்றி ஓர் இரும்பு உறை, அதற்குள் சுமார் 4 லிட்டர் தண்ணீர், அவ்வளவுதான். இதற்குச் சரியான சொந்தக்காரர் இட்லிப் பானை. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அடியில் தண்ணீர் இருக்கும்வரை பானை 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாகப் போகாது. கூடுதல் சூடு எல்லாம் ஆவியாகக் கிளம்பிப் போய்விடும். தண்ணீர் வற்றியதை மறந்தால்தான் பானை கருகும்.

பிரிட்டிஷ் படையில் சொல்லிவந்த கணக்கு ஒன்று உண்டு. விடாமல் சுட்டால் சுமார் 600 தோட்டாக்களில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். அதன் பிறகு ஒவ்வொரு 1000 தோட்டாவுக்கும் ஒன்றரை பைண்ட், அதாவது ஏறக்குறைய 850 மில்லி, ஆவியாகும். இதைச் சும்மா நம்பாமல் பள்ளிக்கூட இயற்பியலை வைத்துப் போட்டுப் பார்த்தேன். 850 மில்லி தண்ணீரை ஆவியாக்க 1900 கிலோஜூல் சொச்சம் வேண்டும். அப்படியானால் ஒரு தோட்டா தண்ணீருக்குக் கொடுக்கும் சூடு கிட்டத்தட்ட 1.9 கிலோஜூல். 25 டிகிரியில் இருக்கும் 4 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 1250 கிலோஜூல். வகுத்தால் 660 தோட்டா வருகிறது. படையின் 600க்குப் பக்கத்திலேயே வந்து நிற்பதைப் பார்த்து எனக்குச் சின்னச் சந்தோஷம்.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. கொதிக்கும்வரை அந்தத் தண்ணீர் விழுங்கியது 1250 கிலோஜூல். கொதித்தபின் முழுதும் வற்றும்வரை விழுங்கப்போவது 9000. வேலையில் பெரும்பங்கு கொதித்த பிறகுதான் நடக்கிறது. ஊற்றிக்கொண்டே இருந்தால் சுட்டுக்கொண்டே இருக்கலாம். குழலின் உட்புறம் தேய்வதைத் தண்ணீர் தடுக்காது என்பது தனிக்கதை. 10,000 தோட்டாவுக்கு ஒரு குழல் என்று மாற்ற வேண்டியிருந்தது.

ஆவியால் ஒரு தொல்லை இருந்தது. வெள்ளையாகப் புகைந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். அதனால் உறையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இழுத்து, தண்ணீர் உள்ள டின்னுக்குள் விட்டார்கள். ஆவி அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீரானால் எடுத்து ஊற்றிக்கொள்ளலாம். துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும்போது ஆவிக்குப் பதில் கொதிநீரே வெளியே வந்துவிடாதா என்று கேட்பீர்கள். உறைக்குள் மேற்பக்கமாக ஒரு சிறு குழாய் உண்டு. அதன் இரண்டு முனையிலும் துளை. அதன்மேல் தளர்வாக நழுவும் ஒரு வளையம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் வளையம் தாழ்ந்த முனைக்கு நழுவி அந்தத் துளையை மூடிவிடும். உயர்ந்த முனைத் துளை திறந்திருக்கும், ஆவி அதன் வழியே போகும். ஸ்பிரிங் இல்லை, திருகு இல்லை. இந்தத் துப்பாக்கியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான்.

தண்ணீருக்குள் இருக்கும் அந்தக் குழல் அசையாமல் நிற்பதில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் சறுக்குகிறது. அப்படிச் சறுக்கினால் இரண்டு முனையிலும் ஒழுகுமே? பம்புசெட் கிளாண்டில் கயிறு திணிப்பார்கள் அல்லவா, அதே வேலைதான். எண்ணெயில் ஊறிய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைக் குழலைச் சுற்றித் திணித்தார்கள். குழல் ஏன் சறுக்குகிறது என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது.

1862இல் காப்புரிமை பெற்ற காட்லிங் துப்பாக்கியை ஒருவர் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுகிறவர் பதறினால் அதுவும் சிக்கிக்கொள்ளும். ஹிராம் மாக்சிம் 1884இல் லண்டன் ஹாட்டன் கார்டனில் இருந்த தன் பட்டறையில் செய்து காட்டியது, அந்தக் கையை எடுத்துவிட்ட துப்பாக்கி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்காரர். சிறுவயது முதலே எதையாவது செய்துகொண்டிருந்தவர், எலிப்பொறிகூட. 1894இல் நீராவியால் பறக்கும் பிரம்மாண்ட இயந்திரம் ஒன்றைக் கட்டி, அது தண்டவாளத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பி உடைந்துபோனது. சரி, துப்பாக்கிக்கு வருவோம். சுடும்போது தோளில் விழும் உதை வீணாகப் போகிறது, அதையே கூலியாக வாங்கிக்கொண்டு அடுத்த தோட்டாவைப் போடச் சொன்னால் என்ன? மாக்சிமின் யோசனை இவ்வளவுதான். பிற்பாடு வந்த விக்கர்ஸ், ஜெர்மனியின் எம்ஜி 08, ரஷ்யாவின் 1910 மாடல் எல்லாமே இந்த யோசனையின் பிள்ளைகள்.

யோசனை எளிது, அதன் நேரக்கணக்குதான் கடினம். தோட்டா வெடித்ததும் குண்டு குழலைக் கடந்து வெளியேற ஒரு நொடியின் 500இல் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் அந்தக் கணத்துக்குள் குழலின் பின்வாயை அடைத்திருக்கும் கதவு திறந்துவிட்டால் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து நெருப்பு முகத்தில் அடிக்கும். எனவே குண்டு போகும்வரை கதவு இறுகப் பூட்டியிருக்க வேண்டும், போன உடனே தானாகத் திறக்கவும் வேண்டும்.

பள்ளியில் நின்றுகொண்டிருப்பவனுக்குப் பின்னால் போய் முழங்காலின் பின்பக்கம் லேசாகத் தட்டியிருக்கிறீர்களா? நிமிர்ந்த கால் ஒரு மூட்டையையே தாங்கும். மடிய வேண்டிய பக்கம் விரலால் தட்டினால் ஆள் உட்கார்ந்துவிடுவான். மாக்சிமின் பூட்டு அதுதான். கதவுக்கும் பின்னால் உள்ள அச்சுக்கும் நடுவில் மூட்டு வைத்த இரண்டு தண்டுகள். நேராக நிற்கும்போது வெடிப்பின் முழு அழுத்தமும் அதை மடக்க முடியாது. குழல், கதவு, முழங்கால் எல்லாம் பூட்டியபடியே சேர்ந்து ஓர் அங்குலத்துக்கும் குறைவாகப் பின்னால் சறுக்கும். அதற்குள் குண்டு போய்விட்டது. சறுக்கலின் முடிவில் கிராங்க் கைப்பிடியின் வால் ஓர் உருளையில் மோதுகிறது. அதுதான் அந்த விரல் தட்டல். முழங்கால் மடங்கி, கதவு குழலை விட்டுப் பிரிந்து தொடர்ந்து பின்னால் போகிறது. நீங்கள் வீடியோவில் பார்த்த, வலப்பக்கம் படபடவென்று அடித்துக்கொள்ளும் கைப்பிடி இதுதான். மாக்சிமில் முழங்கால் கீழ்நோக்கி மடங்கும். விக்கர்ஸில் அதை மேல்நோக்கி மடங்கும்படி திருப்பினார்கள். பெட்டியின் ஆழம் குறைந்தது, எடையும் குறைந்தது. 1912இல் பிரிட்டிஷ் படை எடுத்துக்கொண்டது இதைத்தான்.

இனி கதவின் முகத்தைப் பாருங்கள். நான் பல நாள் தடுமாறிய இடம் இது. கதவின் முன்னால் மேலும் கீழும் நகரும் ஒரு பலகை இருக்கிறது. அந்தக் காலத் தோட்டாவின் அடியில் ஆணித் தலை மாதிரி விளிம்பு உண்டு. பலகையின் ஓரங்கள் அந்த விளிம்பைக் கவ்விக்கொள்ளும். குண்டு போனபின் கதவு பின்னால் வரும்போது பலகை இரண்டைச் சேர்த்து இழுக்கிறது. மேலே, கான்வாஸ் பட்டையிலிருந்து ஒரு புதுத் தோட்டா. கீழே, குழலுக்குள்ளிருந்து வெடித்துமுடிந்த காலி உறை. பின்னால் வந்ததும் பலகை கீழே இறங்குகிறது. இப்போது புதுத் தோட்டா குழல்வாய்க்கு நேர், காலி உறை வெளியேறும் வழிக்கு நேர். கதவு முன்னால் போகும்போது ஒன்று உள்ளே, மற்றது வெளியே. பிறகு பலகை மேலே ஏறி, பட்டையில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவின் விளிம்பைக் கவ்வுகிறது. பின்னே, கீழே, முன்னே, மேலே. தையல் மெஷினை மெதுவாகக் கையால் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானதாக இருக்கும். பட்டையை ஒரு தோட்டா அளவு நகர்த்தித் தருவதுகூட குழலின் சறுக்கல்தான். முழங்கால் முழுதாக நிமிரும்வரை தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி விடுபடாது, எனவே பாதி மூடிய கதவோடு வெடிக்க வழியில்லை.

தொடக்கத்தில் கைப்பிடியை ஏன் இரண்டு முறை இழுக்கிறார்கள் என்பதும் இங்கேயே விளங்கும். முதல் இழுப்பில் பலகை பட்டையிலுள்ள தோட்டாவைக் கவ்வும். இரண்டாவதில் அது குழலுக்குள் போகும்.

கதவை முன்னால் தள்ளுவது யார்? இடப்பக்கப் பெட்டியில் ஒரு நீள ஸ்பிரிங். முழங்கால் மடங்கும்போது ஒரு சங்கிலி அதை இழுத்து நீட்டுகிறது. உதை ஓய்ந்ததும் ஸ்பிரிங் சுருங்கி எல்லாவற்றையும் வீட்டுக்குக் கூட்டிவருகிறது. இந்த இழுவிசையை ஸ்பிரிங் தராசு மாட்டி அளந்து சரிசெய்வார்கள். அதிகமானால் கதவு முழுதாகத் திறக்காது, குறைந்தால் முழுதாக மூடாது. குழலின் வாயில் ஒரு கிண்ணமும் உண்டு. குண்டின் பின்னால் வரும் வாயு அதில் மோதித் திரும்பிக் குழலுக்கு இன்னொரு தள்ளு கொடுக்கும். இத்தனையும் சேர்ந்து நிமிடத்துக்கு 450 முதல் 500 முறை.

சிக்கிக்கொண்டால்? அதிகம் பேசப்படாத அழகு இங்கே இருக்கிறது. துப்பாக்கி நின்றதும் சுடுபவர் உள்ளே பார்ப்பதில்லை, கைப்பிடியைப் பார்ப்பார், இருட்டில் தொட்டுப் பார்ப்பார். அது நின்ற கோணம் நான்கில் ஒன்று. ஒவ்வொரு கோணத்துக்கும் தனி நோய், தனி மருந்து. நாடி பார்ப்பது போலத்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு பழகுவார்கள்.

எல்லோரும் மாக்சிம் வழியில் போகவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் 1914 ஹாட்ச்கிஸ் குழலில் துளை போட்டு, வாயுவால் ஒரு பிஸ்டனைத் தள்ளியது. தண்ணீரே வேண்டாம் என்று குழலின் பின்பகுதியைச் சுற்றி ஐந்து தடித்த வளையங்களை வைத்தார்கள். ஆஸ்திரியாவின் ஷ்வார்ட்ஸ்லோஸ் கதவைப் பூட்டவே இல்லை, கனமான கதவும் முரட்டு ஸ்பிரிங்கும் தாமதப்படுத்தினால் போதும் என்று விட்டது. அமெரிக்காவின் பிரௌனிங் தண்ணீருக்கே திரும்பினார். 1917 மே மாதச் சோதனையில் அவருடைய துப்பாக்கி 48 நிமிடம் 12 நொடி நிற்காமல் சுட்டது.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். விக்கர்ஸ் தண்ணீரோடு சுமார் 18 கிலோ, முக்காலி தனியாக 20 கிலோவுக்கு மேல், தோட்டாப் பெட்டிகள் வேறு. ஆறு பேர் வேலை. ஜாலியன்வாலா பாகில் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று நம்மூரில் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளை, சுட உத்தரவிட்ட பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயர் கொண்டுவந்தார். சந்து குறுகல் என்பதால் வெளியே நிறுத்த வேண்டியதாயிற்று. 1919 ஏப்ரல் 13 அன்று சுடப்பட்ட 1650 தோட்டாக்களும் சாதாரண ரைஃபிள்களிலிருந்து வந்தவை. சந்து அகலமாக இருந்திருந்தால் அநேகமாக அவற்றையும் பயன்படுத்தியிருப்பேன் என்று விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். ஒரு விக்கர்ஸுக்கு 1650 என்பது நான்கு நிமிட வேலைகூட இல்லை.

டீக்கு வருவோம். அந்தக் கதை நெடுங்காலமாக உலவுகிறது, தண்ணீரின் சூடும் டீக்குப் போதுமானது, ஆகவே யாராவது குடித்திருக்கலாம். ஆனால் அது எண்ணெயில் ஊறிய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றோடு மணிக்கணக்கில் கொதித்த தண்ணீர். ஆவி போய்ச் சேர்ந்த டின்னும் சில நேரம் பழைய பெட்ரோல் டின். குளிர்காலத்தில் உறைந்துவிடாமல் இருக்க துப்பாக்கித் தண்ணீரில் கிளிசரினும் கலப்பார்கள். கிளிசரின் இனிக்கும் என்பதால் சர்க்கரை மிச்சம் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.